முத்து ஏன் தண்ணீர் குடிக்க மாட்டேன் என்கிறான்?

பெரம்பூரிலிருந்து ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவர் கேட்டுக்கொண்டபடி அடையாளங்களை மாற்றியிருக்கிறேன். அவருடைய பூனையை முத்து என்று அழைப்போம். ஐந்து வயது, கருத்தடை செய்யப்பட்ட ஆண் பூனை, எடை நான்கரை கிலோ. இரண்டாவது மாடி வீட்டை விட்டு வெளியே போவதில்லை. குட்டியாக வந்த நாளிலிருந்து கடையில் வாங்கும் உலர் உணவுதான் சாப்பாடு.

ஒன்றரை மாதத்துக்கு முன் ஓர் இரவு முழுக்க முத்து மணல் தட்டில் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்திருக்கிறான். முக்கி முக்கிப் பார்த்தும் இரண்டு சொட்டுத்தான் வந்தது, அதிலும் ரத்தம். மலச்சிக்கல் என்று நினைத்து வீட்டில் விளக்கெண்ணெய் கொடுத்திருக்கிறார்கள். மறுநாள் மதியம் வாந்தி எடுத்துச் சுருண்டு படுத்த பிறகுதான் மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். சிறுநீர்க் குழாய் அடைத்திருந்தது. கதீட்டர் போட்டு, மூன்று நாள் அங்கேயே வைத்திருந்து காப்பாற்றியிருக்கிறார்கள். சிறுநீரில் ஸ்ட்ருவைட் என்ற படிகங்கள் இருந்தனவாம். அதற்கான தனி உணவை எழுதிக் கொடுத்து, "நிறையத் தண்ணீர் குடிக்க வையுங்கள்" என்று அனுப்பிவைத்தார் மருத்துவர்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் எல்லோருக்கும் இதே வேலை. வாசகி நாளுக்கு நான்கு வேளை சிரிஞ்சில் தண்ணீர் ஏற்றுகிறார். மாமியார் பால் வைக்கிறார். கீழ் வீட்டு அம்மா, உப்புக் கருவாடு கொடுத்தால் தாகம் எடுக்கும் என்று நெத்திலிக் கருவாடு கொண்டுவந்து தருகிறார். அண்ணன் வாழைத்தண்டுச் சாறு கொடுக்கச் சொல்கிறார். மருத்துவர் சொன்ன தனி உணவு ஒரு பையோடு நின்றுவிட்டது, விலை கட்டுப்படியாகவில்லை. முத்துவோ தன் கிண்ணத்தைத் தொடாமல், குளியலறை வாளியிலும் வாசகியின் டம்ளரிலும் மட்டும் வாய் வைக்கிறான். "கேன் தண்ணீர் பிடிக்கவில்லையா? வாரம் ஒருமுறை ட்ரிப்ஸ் ஏற்றிவிடலாமா? என்னைக் கண்டாலே கட்டிலுக்கு அடியில் போய்விடுகிறான். நான் அவனுக்கு எதிரியாகிவிட்டேனா டாக்டர்?" என்று முடிகிறது கடிதம். முடிவதற்குச் சற்று முன்னால், போகிற போக்கில் ஒரு வரி: இரண்டு மாதங்களுக்கு முன் தெருவிலிருந்து ஒரு குட்டியையும் எடுத்து வந்து வளர்க்கிறார்கள். அந்த வரியைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

அன்புச் சகோதரி, முதலில் அந்த சிரிஞ்சை எடுத்து அலமாரியில் வையுங்கள். நீங்கள் அவனுக்கு எதிரியல்ல. ஆனால் சிரிஞ்சு எதிரிதான். பிடித்து வைத்து வாயில் பீய்ச்சும்போது தண்ணீர் மூச்சுக்குழலுக்குள் போய் நுரையீரலைக் கெடுக்கலாம். அது நடக்காவிட்டாலும், நான்கு வேளைப் போராட்டம் அவனுக்கு நான்கு வேளைப் பயம். அந்தப் பயம் சிறுநீர்ப்பையையே தாக்கும் என்பதைக் கீழே சொல்கிறேன். நான்கு முறை ஏற்றியும் உள்ளே போவது எவ்வளவு? பாதி உங்கள் புடவையில் போகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

முத்து அடம்பிடிக்கவில்லை. வீட்டுப் பூனையின் முன்னோர் ஆப்பிரிக்காவிலும் மேற்காசியாவிலும் வறண்ட நிலங்களில் திரிந்த காட்டுப் பூனைகள். எலியும் பறவையும் அவற்றின் உணவு, அந்த இரையின் உடலில் ஏறக்குறைய 70 சதவீதம் தண்ணீர்தான். சாப்பிட்டாலே தண்ணீர் கிடைத்துவிட்டதால், தனியாகத் தேடிப் போய்க் குடிக்க வேண்டிய தேவை அவற்றுக்குக் குறைவு. இருப்பதைச் சேமிக்கச் சிறுநீரை நன்றாகக் கெட்டியாக்கும் சிறுநீரகம் அமைந்தது. தாக உணர்வு மந்தமானது. நாயைப் போல வெயிலில் வந்தவுடன் மடமடவென்று குடிக்கும் பழக்கம் பூனைக்கு இல்லை.

இந்த உடம்புக்கு நாம் கொடுக்கும் உலர் உணவில் தண்ணீர் 10 சதவீதத்துக்கும் குறைவு. கணக்கைப் பாருங்கள். பூனைக்கு ஒரு நாளைக்கு, உணவிலிருந்தும் கிண்ணத்திலிருந்தும் சேர்த்து, ஒரு கிலோ எடைக்குச் சுமார் 50 மில்லி தண்ணீர் தேவை. நான்கரை கிலோ முத்துவுக்கு ஏறத்தாழ 225 மில்லி. அவன் சாப்பிடும் 60 கிராம் உலர் உணவில் அவனுக்குக் கிடைப்பது 6 மில்லிகூட இல்லை. மீதி ஒரு பெரிய டம்ளர் அளவையும் அவன் நக்கி நக்கியே குடிக்க வேண்டும். உலர் உணவு மட்டும் சாப்பிடும் பூனைகள் கிண்ணத்தில் கூடுதலாகக் குடித்தாலும் இந்த இடைவெளியை முழுதாக ஈடுகட்டுவதில்லை. சிறுநீர் கெட்டியாகிறது, படிகம் கட்டுகிறது. ஆண் பூனையின் குழாய் மிக மெல்லியது, அங்கே போய் அடைத்துக்கொள்கிறது.

இதே கணக்கைத் திருப்பிப் போட்டால் வழி கிடைத்துவிடும். குழம்போடு வரும் 85 கிராம் ஈர உணவுப் பாக்கெட் ஒன்றில் ஏறக்குறைய 65 மில்லி தண்ணீர் இருக்கிறது. கிண்ணத்தோடு மல்லுக்கட்டுவதை விட்டுவிட்டு, தண்ணீரைச் சாப்பாட்டுக்குள் வையுங்கள் என்பதுதான் நான் உங்களுக்குச் சொல்ல வந்தது. கிண்ணம், வாளி, டம்ளர் எல்லாம் இதற்கு அடுத்தபடிதான்.

சாப்பாட்டில் தண்ணீர்

நாளுக்கு மூன்று பாக்கெட் என்பது மாதச் செலவில் எப்படி விழும் என்று எனக்குத் தெரியும். தனி உணவையே விலையால் நிறுத்தியவரிடம் அதைச் சொல்வது நியாயமில்லை. அதனால் படிப்படியாகப் பார்ப்போம். காலையும் மாலையும் ஒவ்வொரு பாக்கெட், நடுவில் கொஞ்சம் உலர் உணவு என்று வைத்தால்கூடப் பாதிக்கு மேல் தண்ணீர் தேறிவிடும். ஒவ்வொரு வேளையும் குழம்போடு இரண்டு மேசைக்கரண்டி வெதுவெதுப்பான தண்ணீரைக் கலந்தால் இன்னும் 60 மில்லி. ஒரு பாக்கெட் சேர்த்தால் உலர் உணவில் சுமார் 20 கிராம் குறைத்துவிடுங்கள். இல்லையென்றால் எடை ஏறும், குண்டான பூனைக்குச் சிறுநீர்த் தொல்லையும் கூடும்.

ஒரு பாக்கெட்டுக்குக்கூட வழியில்லாத மாதத்தில் உலர் உணவையே வெதுவெதுப்பான நீரில் ஊற வையுங்கள். முதல் நாள் ஒரு தேக்கரண்டி, பிறகு மெல்ல மெல்லக் கூடுதல். சென்னைச் சூட்டில் ஊறிய உணவு சீக்கிரம் கெடும். ஒரு மணி நேரத்தில் சாப்பிடாததை எடுத்துக் கொட்டிவிடுங்கள்.

இந்த மாற்றத்தை ஒரே நாளில் செய்யாதீர்கள். பத்து நாளாவது எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து வருடம் மொறுமொறுப்பாகவே தின்றவன், குழம்பைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொள்வான். "பசித்தால் தானாகச் சாப்பிடும்" என்று வீட்டில் யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பூனை இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தால் உடம்புக் கொழுப்பு கல்லீரலில் போய்ச் சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகும். ஒரு நாள் முழுக்க எதுவும் சாப்பிடவில்லை என்றால் பழைய உணவையே வைத்துவிட்டு மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

கோழித் துண்டையோ சங்கரா மீன் தலையையோ வெறும் தண்ணீரில் வேகவைத்து, முள்ளும் எலும்பும் இல்லாமல் வடிகட்டி, ஆறிய சாற்றைக் கலந்து கொடுக்கலாம். ஐஸ் தட்டில் ஊற்றி உறைய வைத்தால் வேளைக்கு ஒரு கட்டி எடுத்துக்கொள்ளலாம். உப்பு, மஞ்சள், மசாலா எதுவும் வேண்டாம். வெங்காயமும் பூண்டும் கூடவே கூடாது. அவை பூனையின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும், கொஞ்சமாக இருந்தாலும் சரி. நம் வீட்டு மீன் குழம்பிலிருந்து மீனை எடுத்துக் கழுவிக் கொடுக்கும் வழக்கம் இருந்தால் அதையும் நிறுத்துங்கள்.

பால், கருவாடு, வாழைத்தண்டு

வீட்டில் எல்லோரும் அன்பால்தான் செய்கிறார்கள். அதனால் யாரையும் குற்றம் சொல்லாமல் இந்தப் பகுதியை மட்டும் அவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள்.

பெரும்பாலான பூனைகளுக்குத் தாய்ப்பால் மறந்த பிறகு பாலைச் செரிக்கும் நொதி குறைந்துவிடுகிறது. பால் குடித்து வயிற்றுப்போக்கு வந்தால், கொடுத்த தண்ணீரை விட அதிகமாக வெளியே போய்விடும். மாமியார் வருத்தப்படாமல் இருக்க, கோழிச் சாறு வைக்கும் வேலையை அவரிடம் ஒப்படையுங்கள்.

கருவாட்டு யோசனையில் ஒரு நியாயம் இருக்கிறது, மறைக்க விரும்பவில்லை. சிறுநீர்க் கல்லுக்கென்று தயாரிக்கும் சில உணவுகளில் தாகத்தைத் தூண்ட அளந்து உப்புச் சேர்க்கிறார்கள். ஆனால் அது அளந்து, மற்ற தாதுக்களையும் குறைத்துச் செய்வது. கருவாட்டில் உப்புக்கு அளவில்லை. அதோடு, ஸ்ட்ருவைட் படிகத்துக்கு மூலப்பொருளே மக்னீசியமும் பாஸ்பேட்டும்தான், நெத்திலியை முள்ளோடு தின்னும்போது அவையும் உள்ளே போகின்றன. அந்த அம்மாவிடம் அன்பாக மறுத்துவிடுங்கள்.

வாழைத்தண்டு, நெருஞ்சில், பார்லித் தண்ணீர் ஆகியவை மனிதருக்குச் சொல்லப்படும் கைவைத்தியம். பூனையின் படிகத்தை அவை கரைக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை, வாயில் புகட்ட மறுபடி சிரிஞ்சைத்தான் எடுக்க வேண்டியிருக்கும். இளநீர் கொடுக்கலாமா என்று யாராவது கேட்பார்கள். அதில் பொட்டாசியம் அதிகம். குழாய் அடைத்த பூனையைக் கொல்வதே ரத்தத்தில் ஏறும் பொட்டாசியம்தான், அது இதயத்தை நிறுத்திவிடும். வேண்டாம்.

வாரந்தோறும் ட்ரிப்ஸ் ஏற்றுவது நாள்பட்ட சிறுநீரக நோயுள்ள பூனைகளுக்கு நாங்கள் செய்யும் சிகிச்சை. முத்துவின் சிறுநீரகம் இப்போது நன்றாக இருப்பதாக மருத்துவர் சொன்னதை எழுதியிருக்கிறீர்கள். அவனுக்கு அது வெறும் ஊசிக் குத்தலும் ஆட்டோப் பயணமும்தான்.

கிண்ணத்தைப் பற்றிக் கொஞ்சம்

வாளியிலும் டம்ளரிலும் வாய் வைக்கிறானே, அதிலேயே தன் விருப்பத்தைச் சொல்லிவிட்டான். வாளி அகலமானது, விளிம்பு வரை நிறைந்திருப்பது, சோற்றுக் கிண்ணத்திலிருந்து தள்ளி இருப்பது. நீங்கள் வாங்கியிருப்பதோ ஒரு பக்கம் சோறும் மறு பக்கம் தண்ணீருமாக ஒட்டிய பிளாஸ்டிக் கிண்ணம். சாப்பாட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் தண்ணீரைப் பல பூனைகள் விரும்புவதில்லை. பிளாஸ்டிக்கில் கீறல் விழுந்து வாடையும் பிடிக்கும். அகலமான எவர்சில்வர் தட்டோ பீங்கான் கிண்ணமோ போதும். மீசை இடிக்காமல் குடிக்க விளிம்பு வரை நிரப்புங்கள். தினமும் தேய்த்துக் கழுவுங்கள். வீட்டில் மூன்று நான்கு இடங்களில் வையுங்கள், மணல் தட்டுக்குப் பக்கத்தில் மட்டும் வேண்டாம்.

எறும்பு வராமல் இருக்கச் சோற்றுக் கிண்ணத்தைத் தண்ணீர்த் தட்டில் வைக்கும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. "கிண்ணத்துத் தண்ணீரைத் தொட மாட்டேன் என்கிறது, எறும்புத் தட்டுத் தண்ணீரைக் குடிக்கிறது" என்று என்னிடம் குறைப்பட்டுக்கொண்டவர்கள் பலர். அகலமும் ஆழமின்மையும்தான் காரணம் என்று நினைக்கிறேன். உங்கள் வீட்டிலும் கவனியுங்கள்.

குளியலறை வாளியை மட்டும் மூடி வையுங்கள். சோப்பு நுரையைவிட எனக்குப் பயம் பினாயில். அதில் இருக்கும் பீனால் வகைப் பொருள்களைப் பூனையின் கல்லீரலால் சரியாக முறிக்க முடியாது. பினாயில் போட்டுத் துடைத்த ஈரத் தரையில் நடந்து பாதத்தை நக்கினாலே விஷமாகலாம். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரும், பூ ஜாடித் தண்ணீரும் வேண்டாம். ஜாடியில் லில்லிப் பூ இருந்தால், அந்தத் தண்ணீர்கூடப் பூனையின் சிறுநீரகத்தை நாசமாக்கிவிடும்.

கேன் தண்ணீரா, குழாய்த் தண்ணீரா என்பதை முத்துவிடமே கேட்போம். ஒரே மாதிரியான மூன்று கிண்ணங்களை எடுத்து, ஒன்றில் கேன் தண்ணீர், ஒன்றில் காய்ச்சி ஆறவைத்த குடிநீர் வாரியத் தண்ணீர், ஒன்றில் மண்பானைத் தண்ணீர் என 200 மில்லி அளந்து ஊற்றுங்கள். நான்காவதாக ஒன்றை அவனுக்கு எட்டாத அலமாரி மேல் வையுங்கள். மே மாதத்து வெக்கையில் கணிசமான தண்ணீர் தானாகவே ஆவியாகிவிடும். நான்காவது கிண்ணத்தில் குறைந்த அளவை மற்றவற்றில் கழித்தால்தான் அவன் குடித்தது தெரியும். நான்கு நாள் இடம் மாற்றி மாற்றி வைத்துப் பாருங்கள், எது பிடிக்கிறது என்று விளங்கிவிடும். மின்சாரத்தில் ஓடும் நீரூற்றுக் கிண்ணம் சில பூனைகளுக்குப் பிடிக்கிறது, சில அந்தச் சத்தத்துக்கே ஓடுகின்றன. மின்வெட்டும் உண்டு. அந்தப் பணத்தை இப்போதைக்கு ஈர உணவுக்குச் செலவிடுங்கள்.

அந்தக் குட்டி

இப்போது நீங்கள் ஒரு வரியில் கடந்துபோன விஷயத்துக்கு வருகிறேன். குட்டி வந்து இரண்டு மாதம், முத்துவுக்கு அடைத்தது ஒன்றரை மாதத்துக்கு முன். இது தற்செயலாக இருக்கலாம். ஆனால் சிறுநீர்த் தொல்லையோடு வரும் இளம், நடுத்தர வயதுப் பூனைகளில் பாதிக்கும் மேற்பட்டவற்றில் கல்லோ கிருமியோ காரணமாக இருப்பதில்லை. மன அழுத்தத்தோடு தொடர்புடைய சிறுநீர்ப்பை அழற்சி அது. அழற்சியில் உதிரும் சவ்வும் படிகமும் சேர்ந்தே பல நேரம் குழாயை அடைக்கின்றன. புதுப் பூனை, புதுக் குழந்தை, வெள்ளையடிப்பு, தீபாவளி வெடி என்று எதுவும் தூண்டலாம்.

இரண்டும் கட்டிப் புரண்டு விளையாடுகின்றன, சண்டையே இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். பூனைகளின் சண்டை பெரும்பாலும் சத்தமில்லாதது. தண்ணீர்க் கிண்ணத்துக்குப் போகும் வழியில் குட்டி சும்மா உட்கார்ந்திருந்தாலே முத்து திரும்பிப் போய்விடலாம். இரண்டுக்கும் ஒரே மணல் தட்டு என்பதும் எனக்குச் சரியாகப் படவில்லை. பூனைக்கு ஒன்று, கூடுதலாக ஒன்று என மூன்று தட்டு வேண்டும், வெவ்வேறு இடங்களில். இடம் குறைந்த வீட்டில் மூன்று முடியாது என்றால் இரண்டாவது வையுங்கள், இன்றே. முத்து மட்டும் ஏறக்கூடிய உயரத்தில் ஒரு கிண்ணம் தண்ணீரும் படுக்க ஒரு துணியும் போடுங்கள். குட்டியை வெளியே விட்டுவிடச் சொல்லவில்லை, அப்படி நினைத்துவிடாதீர்கள்.

மறுபடி அடைத்தால்

ஒரு முறை அடைத்த ஆண் பூனைக்கு மறுபடி அடைக்கும் வாய்ப்பு குறைவானதல்ல, அதுவும் முதல் சில மாதங்களில். அன்றிரவு மலச்சிக்கல் என்று நினைத்தது உங்கள் தவறல்ல, அந்த முக்கல் பார்வைக்கு அப்படித்தான் இருக்கும். ஆனால் அடுத்த முறை விளக்கெண்ணெய் வேண்டாம், விடியும்வரை காத்திருக்கவும் வேண்டாம். அடிக்கடி தட்டுக்குப் போவது, முக்கியும் சிறுநீர் வராதது, கத்துவது, அந்த இடத்தையே நக்கிக்கொண்டிருப்பது, வாந்தி, அடிவயிறு கல் போல இருப்பது, இவற்றில் ஒன்றிரண்டு தெரிந்தால் அது அவசரம். முழுதாக அடைத்தால் ஒன்றிரண்டு நாளில் உயிர் போய்விடும். அந்த நேரத்தில் தண்ணீர் புகட்டாதீர்கள், வயிற்றை அமுக்காதீர்கள். வலிக்கு பாராசிட்டமால் கொடுத்துவிடாதீர்கள், பூனைக்கு அது கொல்லும் விஷம். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உங்களுக்கு அதிகத் தொலைவில்லை. அங்கேயும் உங்கள் பகுதித் தனியார் மருத்துவமனைகளிலும் இரவில் யார் பார்ப்பார்கள் என்று இப்போதே விசாரித்து, எண்ணை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி வையுங்கள்.

தனி உணவை நிறுத்தியதை உங்கள் மருத்துவரிடம் மறைக்காதீர்கள். கையில் எவ்வளவு முடியும் என்று வெளிப்படையாகச் சொல்லிக் கேளுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஸ்ட்ருவைட் பெரும்பாலும் சரியான உணவிலேயே சில வாரங்களில் கரையக்கூடியது. எனவே முத்துவுக்கு அது எவ்வளவு காலம் தேவை, பிறகு சாதாரண ஈர உணவுக்கு மாறலாமா என்பதைச் சிறுநீர்ப் பரிசோதனையையும் ஸ்கேனையும் பார்த்து அவர் முடிவு செய்யலாம். சிகிச்சைக் குறிப்புகளின் நகலைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இரவில் வேறு மருத்துவரிடம் போக நேர்ந்தால் அது பேருதவி. சிறுநீரைப் புளிப்பாக்க வினிகரோ வைட்டமின் மாத்திரையோ நீங்களாகக் கொடுக்காதீர்கள். அளவு மீறினால் உணவால் கரையாத ஆக்ஸலேட் கல்லுக்கு அது வழிவிடலாம்.

தினமும் காலையில் மணல் தட்டைச் சுத்தம் செய்யும்போது சிறுநீர்க் கட்டிகளை எண்ணுங்கள். நாளுக்கு இரண்டு முதல் நான்கு, கோழி முட்டை அளவோ அதைவிடப் பெரிதாகவோ இருந்தால் திருப்தி. நிறைய சின்னச் சின்னக் கட்டிகள் வந்தால் பரிசோதனைக்குப் போங்கள். குட்டியின் தட்டைப் பிரித்து வைத்தால் யாருடையது என்ற குழப்பமும் குறையும். ஒரு நோட்டில் தேதி, கட்டிகளின் எண்ணிக்கை, சாப்பிட்ட பாக்கெட், கிண்ணத்தில் குறைந்த மில்லி என்று நான்கே பத்தி போட்டு எழுதி வாருங்கள். மூன்று வாரம் கழித்துச் சிறுநீர்ப் பரிசோதனைக்குப் போகும்போது அந்த நோட்டை மருத்துவர் கையில் கொடுங்கள். கட்டிலுக்கு அடியில் போகிறவனை இழுக்க வேண்டாம். சிரிஞ்சு வராத ஒரு வாரம் கழிந்தால் அவனாகவே உங்கள் டம்ளரைத் தேடி வருவான். அப்போது அந்த டம்ளரை அவனுக்கே விட்டுவிடுங்கள்.